மலைக்குத் திருப்பி அனுப்பும் மிருகக்காட்சிசாலை



சித்திரை மாதத்து நண்பகலில் எங்கள் ஆவூர்ப் பகுதியில் நடந்து பார்த்தவர்களுக்கு வெயிலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. செம்மண் தரை அனலைக் கக்கும். ஆடுகள் மர நிழலை விட்டு அசைய மாட்டா. இந்த வெயிலில், உடல் முழுவதும் அடர்ந்த ரோமமும், உள்ளங்கால்களிலுங்கூட மயிர்ப் போர்வையும் உடைய ஒரு பிராணியைக் கொண்டு வந்து கூண்டில் அடைத்தால் அது என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டினாலே தவித்துப் போகும் பிராணி அது. நமக்கோ 25 டிகிரி என்பது மார்கழிக் குளிர்!

ஆனால் உலகத்து மிருகக்காட்சிசாலைகள் பல காலமாக இதைத்தான் செய்து வந்தன. துருவத்துக் கரடியை வெப்ப நாட்டுக்கும், காட்டுக் குரங்கைப் பனி நாட்டுக்கும் கொண்டு சென்று, இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நிறுத்தி, சீட்டு விற்றார்கள். சென்னையில் 1855ஆம் ஆண்டு எட்வர்டு பால்ஃபோர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அருங்காட்சியக வளாகத்தில் விலங்குகளைச் சேர்த்து வைத்தபோது, அதைக் காண வந்த கூட்டம் கொஞ்சமன்று. அருங்காட்சியகத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் பெயர் சூட்டினார்கள். நம் பெரியவர்கள் பட்டணம் போய் வந்தால், “உயிர் காலேஜ் பார்த்தீர்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நகரத்தின் நெருக்கடியில் தவித்த அந்த உயிர் காலேஜ்தான் 1985இல் வண்டலூருக்கு இடம் பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தது.

வண்டலூரை உங்களில் பலர் பிள்ளைகளோடு பார்த்திருப்பீர்கள். நான் இம்மாதம் சொல்ல வந்தது வேறொரு பூங்காவைப் பற்றி. மலை விலங்குகளைச் சமவெளிக்கு இறக்குவதற்குப் பதிலாக, பூங்காவையே மலைமேல் ஏற்றி வைத்தார்கள் அங்கே. மேற்கு வங்க மாநிலத்தின் டார்ஜிலிங் நகரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் அமைந்திருக்கிறது ‘பத்மஜா நாயுடு இமயமலை உயிரியல் பூங்கா’.

1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் இது தொடங்கப் பெற்றது. மத்திய அரசும் மேற்கு வங்க அரசும் சேர்ந்து செய்த ஏற்பாடு. இமயமலையின் விலங்கினங்களை ஆராய்வதும் பாதுகாப்பதும் அன்று வகுத்துக்கொண்ட நோக்கம். கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையாரின் மகளான பத்மஜா நாயுடு, 1956 முதல் 1967 வரை மேற்கு வங்க ஆளுநராக இருந்தவர். அவர் நினைவாக 1975இல் பிரதமர் இந்திரா காந்தி இப்பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டினார். 67 ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பு. நம்மூர்க் கணக்கில் ஒரு நடுத்தரக் கண்மாயின் ஆயக்கட்டு என்று சொல்லலாம், அவ்வளவுதான். பக்கத்திலேயே, எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நார்கே பயிற்சி இயக்குநராக இருந்த இமயமலை மலையேற்றக் கழகம். பூங்காவுக்குள் நுழைந்துதான் கழகத்துக்குப் போக வேண்டும் என்பதால், ஒரே நுழைவுச் சீட்டில் இரண்டையும் பார்த்து வருகிறார்கள் பயணிகள்.

இமயமலை விலங்குகளுக்கென்றே தோன்றிய இப்பூங்கா, முதன்முதலில் பெயர் பெற்றது எந்த விலங்கினால் தெரியுமா? சைபீரியப் புலியால்! 1960இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஓர் இணைப் புலிகளை அன்பளிப்பாக அளித்தார். இமயமலைக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. பெரிய விலங்கென்றால் மக்களுக்கு ஒரு மயக்கம், அரசாங்கங்களுக்கும் அப்படியே. 2023 டிசம்பரில் மீண்டும் ஓர் இணை சைபீரியப் புலிகள் சைப்ரஸ் தீவிலிருந்து டார்ஜிலிங் வந்தன. அவற்றுக்கு மாற்றாக இங்கிருந்து போனவை சிவப்புப் பாண்டாக்கள். சிவப்புப் பாண்டாவைக் கொடுத்துப் புலியை வாங்கியது நல்ல வியாபாரமா என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு. பார்க்க வருகிறவர்களை மகிழ்விப்பதும் பூங்காவின் வேலைதானே என்பார்கள், இருக்கட்டும்.

இப்பூங்காவின் உண்மையான பெருமை அந்தச் சிவப்புப் பாண்டாவில்தான் இருக்கிறது. நாம் தொடக்கத்தில் பேசிய ரோமப் பிராணி இதுவே. பூனையை விடச் சற்றுப் பெரியது. செம்பழுப்பு நிறம், வெள்ளை முகம், வளையம் வளையமாகக் கோடிட்ட நீண்ட வால். மரத்திலேயே வாழும், பகலில் கிளையில் கவிழ்ந்து தூங்கும். மூங்கில் இலைதான் பெரும்பாலான உணவு. மூங்கிலைப் பற்றிக்கொள்வதற்காகவே மணிக்கட்டு எலும்பொன்று கட்டைவிரல் போல் நீண்டு அமைந்திருக்கிறது. பாண்டா என்றதும் கறுப்பு வெள்ளைச் சீனக் கரடிதான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தப் பெயருக்கு முதல் உரிமை இதற்கே. 1825ஆம் ஆண்டிலேயே இது அறிவியல் உலகுக்கு அறிமுகமாகிவிட்டது. சீனத்துப் பெரிய பாண்டா அறிமுகமானது 1869இல்தான். கரடிக் குடும்பத்திலும் சேராமல், பூனைக் குடும்பத்திலும் சேராமல், தனக்கென ஒரு தனிக் குடும்பத்தில் எஞ்சி நிற்கும் ஒரே உயிரினம் இது.

எஞ்சி நிற்பது எத்தனை காலத்துக்கு என்பதுதான் கவலை. 2015 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மூங்கிற்காடுகள் துண்டு துண்டாகப் போயின. தோலுக்காகக் கண்ணி வைப்பவர்கள் ஒருபுறம். மலைக் கிராமங்களிலிருந்து காட்டுக்குள் புகும் நாய்கள் மறுபுறம். கடித்தும் கொல்லும், கடிக்காவிட்டாலும் தம்மிடமுள்ள நச்சுக் காய்ச்சலைத் தொற்ற வைத்தும் கொல்லும்.

இங்கே ஒரு கேள்வியை நேராகச் சந்தித்தாக வேண்டும். நம் மாவட்டத்து விராலிமலையில் மயில்கள் கூண்டின்றித் திரிகின்றன. அதைப் பார்த்து வளரும் எங்கள் ஓதும் பிள்ளைகள், “ஹஜ்ரத், கூண்டில் அடைத்து வைப்பது பாவமில்லையா?” என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளான செய்தியை ஹதீஸில் படித்த பிள்ளைகள் அல்லவா! உணவும் நீரும் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று மேம்போக்காகப் பதில் சொல்லி அவர்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. கூண்டு எதற்காக என்பதைப் பொறுத்தே அதற்கு நியாயம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியும். கண்டு களிக்க மட்டுமே கூண்டு என்றால் பிள்ளைகள் சொல்வது சரி. அடைபட்ட உயிரின் சந்ததி ஒருநாள் காட்டுக்குத் திரும்பும் என்றால்? டார்ஜிலிங் பூங்கா இந்த இரண்டாவது வழியைத்தான் முயன்று பார்த்திருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் சிவப்புப் பாண்டாக்களை இனப்பெருக்கம் செய்யும் திட்டம் அங்கே உருப்பெற்றது. கையிலிருந்தவை நான்கைந்து உயிர்கள்தாம். ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்ந்தால் குட்டிகள் நலிந்து போகும். ஆகவே ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் பிறந்த சில பாண்டாக்களைத் தருவித்தார்கள். மூதாதையர் இமயமலையைச் சேர்ந்தவர்கள். பேரப்பிள்ளைகள் ஐரோப்பாவில் பிறந்து இமயமலைக்குத் திரும்பின என்று சொல்லலாம். உலகத்தில் எங்கெங்கு சிவப்புப் பாண்டா அடைப்பில் இருந்தாலும், அதன் தாய் யார், தந்தை யார், எந்த ஆண்டு பிறந்தது என்பதை எல்லாம் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் பூங்காவில் ஒரே பதிவேட்டில் பதிந்து வைக்கிறார்கள். எதை எதனோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதை அந்த வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நம் குடும்பங்களில் நிக்காஹ் பேசும்போது பால்குடி உறவு வரைக்கும் பாட்டிமார் விசாரித்துச் சொல்வதில்லையா? ஏறக்குறைய அந்த விசாரணைதான், எண்களும் கணினியுமாக நடக்கிறது.

இதில் இன்னொரு செய்தி வியப்பளிக்கிறது. இந்தப் பூங்காவின் முக்கியமான பகுதியை நீங்களும் நானும் பார்க்கவே முடியாது. டோப்கே தாரா என்ற தனியிடத்தில் பனிச்சிறுத்தைகளுக்கும் சிவப்புப் பாண்டாக்களுக்கும் இனப்பெருக்க மையம் இருக்கிறது. பார்வையாளருக்கு அனுமதியில்லை. சிவப்புப் பாண்டா கூச்சமுள்ள பிராணி. ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குட்டிகள். கண் திறவாத குட்டியோடு பொந்தில் படுத்திருக்கும் தாயைக் கூச்சலிட்டுக் கலவரப்படுத்தினால், குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் தேடி அலையும். அந்த அலைச்சலிலேயே குட்டி செத்துப் போவதுமுண்டு. காட்சிச்சாலை என்று பெயர் வைத்துக்கொண்டு, தன்னிடமுள்ள சிறந்ததைக் காட்டாமல் மறைத்து வைக்கும் துணிவு எத்தனை பூங்காக்களுக்கு இருக்கும்?

2003ஆம் ஆண்டு முதற் சோதனை நடந்தது. பூங்காவில் பிறந்த ஸ்வீட்டி, மினி என்ற இரு பெண் பாண்டாக்களைச் சிங்கலீலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். நேபாள எல்லையை ஒட்டிய மலைத்தொடர் அது. மேற்கு வங்கத்தின் மிக உயரமான சிகரமாகிய சந்தக்பூ (3636 மீட்டர்) அங்கேதான் இருக்கிறது. நேரே கொண்டுபோய்க் காட்டில் இறக்கி விடவில்லை. முதலில் காட்டுக்குள்ளேயே மரங்களோடு வேலியிட்ட ஓர் அடைப்பில் சில காலம் வைத்து, குளிரையும் காட்டு மூங்கிலையும் பழக்கினார்கள். பிறகு கழுத்தில் வானொலிப் பட்டை மாட்டி, கதவைத் திறந்தார்கள்.

மினி பிழைக்கவில்லை, வேறு விலங்குக்கு இரையாயிற்று. ஸ்வீட்டி பிழைத்தாள். காட்டிலிருந்த ஆண் பாண்டாவோடு சேர்ந்து 2004ஆம் ஆண்டில் காட்டிலேயே ஈன்றாள். மனிதன் வைத்த தட்டில் தின்று வளர்ந்த ஒரு பிராணி, யாரும் சொல்லித் தராமலே பொந்து தேடி, குட்டி ஈன்று, பாலூட்டியது! படைத்தவன் அதனுள்ளே எழுதி வைத்ததைக் கூண்டு அழித்துவிடவில்லை.

இரண்டில் ஒன்று மாண்டதைத் தோல்வி என்று சிலர் சொல்லக்கூடும். காட்டிலேயே பிறந்த குட்டிகளிலும் பாதிக்கு மேல் வளர்ந்து ஆளாவதில்லை என்பதை அவர்கள் மறந்து பேசுகிறார்கள். ஆயினும் பூங்காவினர் அவசரப்படவில்லை. 2022 முதல் 2024 வரை ஏழு பெண்களும் இரண்டு ஆண்களுமாக ஒன்பது பாண்டாக்களைச் சிங்கலீலாவில் விட்டார்கள். அவற்றுள் மூன்று பெண்கள் காட்டில் ஐந்து குட்டிகளை ஈன்றன. ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். சிங்கலீலா முழுவதிலும் உள்ள சிவப்புப் பாண்டாக்களே சில பத்துகள்தாம் என்பதை நினைவிற் கொண்டால் அந்த ஐந்தின் மதிப்பு விளங்கும். 2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கூடிய உலக மிருகக்காட்சிசாலைகள் சங்கம், பாதுகாப்புப் பணிக்கான விருதுக்கு உலகளவில் தேர்ந்த முதல் மூன்று பணிகளில் ஒன்றாக இதையும் வைத்தது. அதற்கு முன், 2022இல் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் வெளியிட்ட தரவரிசையில் நாட்டின் முதலிடம் டார்ஜிலிங்குக்கு. இரண்டாமிடம் நம் வண்டலூருக்கு.

பனிச்சிறுத்தையின் கதை இவ்வளவு எளிதன்று. 1983இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து கொண்டு வந்த சிறுத்தைகளோடு அத்திட்டம் தொடங்கியது. குட்டிகள் பல பிறந்தன. ஆனால் பாண்டாவுக்கு இலை தின்னத் தெரிந்தால் போதும். சிறுத்தைக்கு வேட்டை தெரிய வேண்டும். செங்குத்தான பாறையில் நீலச் செம்மறியைத் துரத்திப் பிடிக்கும் வித்தையைக் கூண்டில் யார் கற்றுக் கொடுப்பது? தாய் ஒன்றரை ஆண்டு கூட்டிக்கொண்டு திரிந்து பழக்குகிற கல்வி அது. மத்திய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவின் மலைகளில் 718 பனிச்சிறுத்தைகள் வாழ்கின்றன. இப்போதைக்கு அவற்றின் இருப்பிடத்தைக் காப்பதே முதல் வேலை. பூங்காவில் உள்ளவை ஆபத்துக் காலத்துச் சேமிப்பு. சேமிப்பு என்றதும் இன்னொன்று: ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு ஆய்வு மையத்தோடு சேர்ந்து, விலங்குகளின் உயிரணுக்களையும் திசுக்களையும் திரவ நைட்ரஜனில் −196 டிகிரிக் குளிரில் உறைய வைத்துப் பாதுகாக்கவும் டார்ஜிலிங் பூங்காவில் தொடங்கியிருக்கிறார்கள்.

இத்தனையும் எங்கோ வடகோடியில் நடப்பவை, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு மலைவிலங்கு சொந்தமாக இருக்கிறது. நம் மாநில விலங்கு வரையாடுதான் அது. வரை என்றால் மலை; மலையில் வாழும் ஆடு வரையாடு. பழந்தமிழ் இலக்கியத்தில் இதற்கு வருடை என்றொரு பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழவில்லை. இமயமலையிலும் வரையாடு என்று சொல்லத்தக்க ஓர் இனம் உண்டு. உருவ ஒற்றுமையைக் கண்டு, இரண்டும் அண்ணன் தம்பி என்றுதான் நெடுங்காலம் அறிஞர்கள் எழுதி வந்தனர். 2005இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நம் வரையாடு இமயமலை வரையாட்டை விடச் செம்மறி ஆட்டுக்கே நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. நீலகிரியின் பெயராலேயே அதற்குத் தனிப் பேரினம் அமைத்தார்கள். முகம் பார்த்து உறவு சொல்வது எல்லா இடத்திலும் சரிப்படாது போலும்!

வரையாட்டுக்கு வந்த துன்பமும் பாண்டாவுக்கு வந்ததைப் போன்றதே. வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டையாடிக் குவித்தார்கள். பிறகு மலைமேலிருந்த புல்வெளிகளை ‘வீண் நிலம்’ என்று எண்ணி, சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டார்கள். மரம் நட்டால் நல்லதுதானே என்பீர்கள். எல்லா இடத்திலும் இல்லை. சோலைக் காடுகளுக்கு நடுவே விரிந்திருந்த அந்தப் புல்வெளிதான் வரையாட்டின் மேய்ச்சல் நிலம். நம் ஆறுகளுக்கு நீரைப் பிடித்து வைக்கும் கடற்பஞ்சும் அதுவே. புல் போன இடத்தில் ஆடும் போயிற்று.

1975ஆம் ஆண்டிலேயே வரையாட்டை ஆராய்ந்து எழுதியவர் ஈ. ஆர். சி. டேவிதார். அவர் நினைவாகவே அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு வரையாடு நாளாக அறிவித்தது. 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் நீலகிரி வரையாடு திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2024இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1031 வரையாடுகள். 2025இல் கேரளத்தோடு சேர்ந்து எடுத்தபோது நம் பக்கம் 1303, அவர்கள் பக்கம் 1365. கூடியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. இருந்தாலும் இவ்வளவும் புதிதாகப் பிறந்தவை என்று கொள்ள வேண்டாம். சென்று பார்த்த இடங்களும் எண்ணிய முறையும் மேம்பட்டால் எண்ணிக்கையும் கூடும்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த செய்தி, நடுவில் கூண்டு இல்லை என்பது. அன்னிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பது, முன்பு வரையாடு வாழ்ந்து பின்பு ஒழிந்து போன மலைகளில் மீண்டும் அதைக் குடியேற்றுவது, நோய்களைக் கண்காணிப்பது ஆகியவையே அதன் வேலைகள். எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் இருக்கும்போதே விழித்துக்கொண்டால் இப்படிச் செய்யலாம். நான்கைந்து உயிர்கள் கையில் மிஞ்சும் வரை காத்திருந்தால், டார்ஜிலிங்கைப் போல வம்சாவளிப் பதிவேடு, இனப்பெருக்க மையம், கழுத்துப் பட்டை என்று முப்பது ஆண்டுகள் உழைத்து ஐந்து குட்டிகளைக் காண வேண்டியிருக்கும். டார்ஜிலிங்கின் சாதனையைப் போற்றுகிற அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடை விடுமுறையில் நம் பகுதிக் குடும்பங்கள் வேன் பிடித்துக்கொண்டு வால்பாறைக்கும் மூணாறுக்கும் போவது வழக்கமாகிவிட்டது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் சாலையோரத்துக்கே வந்து நிற்கும். பிள்ளைகள் பிஸ்கட்டும் முறுக்கும் நீட்டுவார்கள். அத்தாமார்களும் படம் எடுக்கும் ஆசையில் வண்டியை வளைவிலேயே நிறுத்துவார்கள். உப்புச் சுவைக்குப் பழகிய ஆடு மலையை விட்டுச் சாலைக்கே வந்து நிற்கும். அடுத்த வளைவில் வருகிற லாரிக்கு அது தெரியாது. மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் அவற்றைக் கிட்டத்தில் காணலாம். வரையாடுகள் குட்டி ஈனும் காலமாதலால், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதன் வாயிலைச் சுற்றுலாப் பயணிகளுக்கு அடைத்து வைக்கிறார்கள். அந்த நாட்களில் பயணத் திட்டம் போடுகிறவர்கள் முன்னதாகவே விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது. டார்ஜிலிங் வரை போகும் வாய்ப்புள்ளவர்களுக்கும் ஒரு குறிப்பு: அந்தப் பூங்காவுக்கு வியாழக்கிழமை விடுமுறை.